கரோனரி ஸ்பாசம் உள்ளவர்களுக்கு ஸ்டென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி ரத்தக்குழாய்களில் சிலருக்கு அடைப்பு இருக்கும், சிலருக்கு ஸ்பாசம் இருக்கும், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஸ்பாசம் உள்ளவருக்கு, குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக வலையான ஸ்டென்ட் வைக்கும்போது மற்றவர்களுக்கு அவ்வளவாக வராத சில சிக்கல்கள் வரலாம். ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, ஆஞ்சியோவும் (சாயம் செலுத்தி எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) நன்றாக இருக்கிறது, ஆனாலும் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறேன் என்று சொல்பவர்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. உங்கள் மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் இதய டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

ஸ்பாசம் என்றால் என்ன? அடைப்பும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. அடைப்பு என்பது கொழுப்பும் சுண்ணாம்பும் குழாயின் சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்து வழியைக் குறுக்குவது. அது இன்றும் இருக்கும், நாளையும் இருக்கும். ஸ்பாசம் என்பது குழாயின் சுவரில் உள்ள தசை திடீரென்று இறுகிக்கொள்வது. கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வது போலத்தான்: சில நிமிடங்கள் உயிர் போகும், அப்புறம் விட்டுவிடும். விட்ட பிறகு பார்த்தால் அங்கே எதுவும் நடந்த அடையாளமே இருக்காது.

1959-ல் மைரன் பிரின்ஸ்மெட்டல் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த வகை நெஞ்சுவலியைத் தனியாகப் பிரித்து விவரித்தார். வழக்கமான நெஞ்சுவலி மாடிப்படி ஏறினால் வரும், உட்கார்ந்தால் போகும். இவர் கண்ட வலியோ படுத்திருக்கும்போது வந்தது, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில். வலி இருக்கும் நேரத்தில் ஈ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு போலவே கோட்டில் எஸ்.டி. என்னும் பகுதி மேலே ஏறி நிற்கும். வலி போனதும் இறங்கிவிடும். ஜப்பான், கொரியா நாட்டவரிடம் இது அதிகமாகக் காணப்படுகிறது. ஆனால் எந்த நாட்டவருக்கும் வரக்கூடியதுதான்.

சுருங்கும் இடத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டால் அது சுருங்காதே?

அந்த இடம் சுருங்காது, உண்மைதான். ஆனால் ஸ்பாசம் ஒரு இடத்தின் நோய் அல்ல. பெரும்பாலானவர்களுக்கு அது குழாயின் நீளம் முழுக்க இருக்கும் சுபாவம், பல சமயம் இதயத்தின் மூன்று முக்கியக் குழாய்களுக்கும் பொதுவான சுபாவம். இன்று ஒரு இடத்தில் இறுகும், அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் இறுகும். 18 மில்லிமீட்டர் நீளத்துக்கு உலோக வலையை வைத்துவிட்டால் அதற்கு மேலேயோ கீழேயோ உள்ள பகுதி இறுகும். அதைத் துரத்திக்கொண்டு போய் இன்னொரு ஸ்டென்ட், அதன் ஓரத்தில் இறுகினால் மூன்றாவது என்று நீளமாக உலோகம் போர்த்திக்கொண்டவர்கள் உண்டு. ஸ்டென்டின் நீளம் கூடக்கூட மறுஅடைப்புக்கும் ரத்தம் உறைவதற்கும் வாய்ப்பு கூடும். வலி மட்டும் போயிருக்காது.

கணிசமான அடைப்பு இல்லாமல் ஸ்பாசம் மட்டும் இருப்பவருக்கு ஸ்டென்ட் வேண்டாம் என்று ஜப்பானிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஸ்பாசத்தின் சிகிச்சை மாத்திரைதான். பல விதமான மாத்திரைகளை முழு அளவில் கொடுத்தும் அடங்காமல், எப்போதும் ஒரே இடத்தில்தான் இறுகுகிறது என்று உறுதியாகத் தெரிந்த மிகச் சிலருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவர்களும் அதன் பிறகு மாத்திரையை விட முடிவதில்லை.

அப்படியானால் ஸ்பாசம் உள்ளவருக்கு ஸ்டென்ட் எப்போது வைப்பார்கள்?

நைட்ரோகிளிசரின் கொடுத்துக் குழாயை நன்றாகத் தளர்த்திய பிறகும் கடுமையான அடைப்பு மிச்சம் இருந்தால், அல்லது கொழுப்புப் படிவு வெடித்து உண்மையான மாரடைப்பே வந்துவிட்டால். அப்போது ஸ்டென்ட் அடைப்புக்கு, மாத்திரை ஸ்பாசத்துக்கு. ஒன்று வந்ததால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

ஸ்டென்ட் பொருத்தும் நேரத்திலேயே என்ன சிக்கல் வரலாம்?

முதலில் மணிக்கட்டிலேயே தொடங்கலாம். இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகத்தான் கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாயை உள்ளே விடுகிறார்கள். அந்த ரத்தக்குழாய் இறுகிக்கொண்டால் கை வலிக்கும், கத்தீட்டர் நகராமல் சிக்கிக்கொள்ளும். வெரப்பமில் அல்லது நைட்ரோகிளிசரின் செலுத்தி, தேவைப்பட்டால் தூக்க மருந்தும் கொடுத்துக் காத்திருந்தால் விட்டுவிடும்.

அடுத்தது கத்தீட்டரின் நுனி பட்டு இதயக் குழாயின் வாய் இறுகுவது. வலது கரோனரியின் தொடக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். படத்தில் பார்த்தால் வாயிலேயே பெரிய அடைப்பு இருப்பதுபோல் தெரியும். நைட்ரோகிளிசரின் கொடுத்து, நுனியைக் கொஞ்சம் விலக்கி மறுபடி படம் எடுத்தால் அடைப்பைக் காணோம்! இதைச் செய்யாமல் விட்டால் இல்லாத அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கும் நிலை வரும். வளைந்த குழாயில் விரைப்பான கம்பி போகும்போது குழாய் நேராக இழுபட்டு மடிப்பு விழுவதும் அடைப்பு போலக் காட்டும். அது மருந்துக்கு மசியாது, கம்பியைப் பின்வாங்கினால்தான் போகும்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுவது அளவுப் பிழை. ஸ்டென்ட்கள் 2.5, 2.75, 3, 3.5 மில்லிமீட்டர் என்று விட்டங்களில் வருகின்றன. உங்கள் குழாய் இயல்பில் 3.25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் படுத்திருக்கும்போது வலி, பயம், கத்தீட்டரின் உரசல் எல்லாம் சேர்ந்து அது 2.5-க்குச் சுருங்கியிருக்கிறது. அதைப் பார்த்து 2.5 ஸ்டென்டை வைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்துப் படத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குழாய் தளர்ந்து தன் அளவுக்கு வந்துவிடும், ஆனால் ஸ்டென்ட் தானாக விரியாது. உலோக வலைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விழும். ரத்தம் அந்த இடைவெளியில் சுழன்று தேங்கும். தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறைவதற்கு அது வசதியான இடம். ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு.

தடுக்கும் வழி எளியதுதான்: அளவெடுக்கும் முன் குழாய்க்குள்ளேயே நைட்ரோகிளிசரின். ரத்த அழுத்தம் மிகவும் குறைவாக இருந்தால் மட்டும் தயங்குவார்கள். சந்தேகம் இருந்தால் குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் அல்லது ஓ.சி.டி. என்னும் ஒளிக்கதிர்ப் படம் எடுத்து உண்மையான விட்டத்தையும், வைத்த பிறகு ஸ்டென்ட் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். ஸ்பாசம் இருக்கிறது என்று தெரிந்த ஒருவருக்கு இந்த உட்படம் எடுப்பது ஆடம்பரம் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

மற்றபடி குழாய்ச் சுவர் கிழிவது, ஓட்டை விழுவது, சாயத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது, கத்தீட்டர் போட்ட இடத்தில் ரத்தம் கட்டுவது போன்ற பொதுவான ஆபத்துகள் எல்லோருக்கும் உள்ளவைதான்.

ஸ்டென்ட் வைத்து மாதக்கணக்காகியும் பழையபடி வலி வருகிறது. ஸ்டென்ட் கெட்டுப்போய்விட்டதா?

அப்படித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது, ஆனால் காரணம் வேறாகவும் இருக்கலாம். முதல் சில நாட்கள் நெஞ்சில் ஒரு மந்தமான வலி இருந்தால், குழாய் இழுத்து விரிக்கப்பட்டதால் வந்ததாக இருக்கலாம், அது தானே குறையும். மாதங்கள் கழித்து, நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் மறுஅடைப்பை நினைக்க வேண்டும். நடக்கும்போது ஒன்றும் இல்லை, விடியற்காலை நாலு மணிக்கு வருகிறது, நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரை வைத்தால் சில நிமிடத்தில் போகிறது என்றால் ஸ்பாசத்தை நினைக்க வேண்டும்.

இரண்டும் கலந்தும் வரும், அதனால் இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் இந்த விவரத்தை டாக்டரிடம் சொல்வது மிகவும் உதவும். "நெஞ்சுவலி" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அவர் ஆஞ்சியோவை நோக்கிப் போவார். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எத்தனை நிமிடம், எதனால் போனது என்று சொன்னால் வழி மாறும். இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று: ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டிகாக்ரெலார் என்ற மாத்திரை சாப்பிடும் சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருந்து பூசிய ஸ்டென்டே ஸ்பாசத்தை வரவழைக்கும் என்கிறார்களே?

அதில் உண்மை உண்டு. குழாயின் உட்படலமான எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து தசையைத் தளர்வாக வைத்திருக்கிறது. ஸ்டென்டில் பூசும் சிரோலிமஸ், பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகள் தழும்பு வளர்ந்து மறுஅடைப்பு வராமல் தடுக்கத்தான் பூசப்படுகின்றன. அதே மருந்து உட்படலம் மறுபடி வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. அது ரத்த ஓட்டத்தோடு கீழே போய் ஸ்டென்டுக்கு அடுத்த பகுதியின் உட்படலத்தையும் பாதிக்கிறது. முதல் தலைமுறை மருந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பல மாதங்கள் கழித்து, உட்படலம் நன்றாக இருக்கும் குழாயை விரியவைக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், ஸ்டென்டின் ஓரங்களுக்கு அப்பால், குறிப்பாகக் கீழ்ப்பக்கத்தில், விரிய வேண்டிய குழாய் சுருங்கியது. ஸ்டென்ட் உள்ள பகுதியில் ஒன்றும் தெரியாது. அது உலோகத்தால் விரிந்து நிற்கிறது.

புதிய தலைமுறை ஸ்டென்ட்களில் கம்பி மெலிந்துவிட்டது, பூச்சும் மேம்பட்டுவிட்டது, இந்தக் குறை பெரிதும் குறைந்திருக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஸ்பாச சுபாவம் உள்ள குழாயில் இது இன்னும் எளிதில் தலைகாட்டும். அதற்காக மருந்து பூசாத வெறும் உலோக ஸ்டென்ட் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம், அதில் மறுஅடைப்பு அதிகம்.

ஸ்பாசமா மறுஅடைப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

வலி இருக்கும்போதே எடுத்த ஈ.சி.ஜி. கிடைத்தால் அது தங்கம். பெரும்பாலும் கிடைக்காது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் வலி போயிருக்கும், ஈ.சி.ஜி. இயல்பாக இருக்கும். அதனால்தான் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டி வைக்கும் ஹோல்ட்டர் கருவி உதவுகிறது. டிரெட்மில் சோதனை இயல்பாக வந்தால் ஸ்பாசம் இல்லை என்று அர்த்தமில்லை. ஸ்பாசம் உள்ள சிலருக்குக் காலையில் லேசான வேலைக்கே வலி வரும், அதே ஆள் மதியம் ஓடினாலும் வராது.

உறுதி செய்ய, ஆஞ்சியோவின்போது அசிட்டைல்கோலின் அல்லது எர்கோனோவின் கொடுத்து ஸ்பாசத்தைத் தூண்டிப் பார்ப்பார்கள். குழாய் 90 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, கூடவே உங்கள் வழக்கமான வலியும் ஈ.சி.ஜி. மாற்றமும் வந்தால் ஸ்பாசம் உறுதி. வேண்டுமென்றே வரவழைப்பதா என்று பயமாக இருக்கும். தேர்ந்த குழுவினர், கையில் நைட்ரோகிளிசரினைத் தயாராக வைத்துக்கொண்டு செய்வது இது. எல்லா இடங்களிலும் இந்தச் சோதனை செய்வதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோதனைக்கு முன் ஸ்பாச மாத்திரைகளைச் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். அதை அவர்கள் சொன்னபடி மட்டும் செய்ய வேண்டும்.

வலி வரும்போதெல்லாம் வெறும் ஆஞ்சியோ மட்டும் எடுத்து, ஓரத்தில் தெரியும் சுருக்கத்தை மறுஅடைப்பு என்று படித்து, இன்னொரு ஸ்டென்ட் வைப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். இரண்டாவது ஸ்டென்ட் என்ற பேச்சு வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "நைட்ரோகிளிசரின் கொடுத்த பிறகும் இந்தச் சுருக்கம் இருக்கிறதா, டாக்டர்?"

ஸ்பாசத்தால் ஸ்டென்டில் ரத்தம் உறையுமா?

உறையலாம். ஓரத்தில் குழாய் இறுகினால் ஸ்டென்டுக்குள் ஓட்டம் மந்தமாகும், தேங்கிய ரத்தம் உறையப் பார்க்கும். மேலே சொன்ன அளவுப் பிழையும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இரட்டை மருந்தை, அதாவது ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், பிரசுக்ரெல் இவற்றில் ஒன்றை, சொன்ன காலம் வரை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட வேண்டும். மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட் என்றால் வழக்கமாக 12 மாதம், மற்றபடி வழக்கமாக 6 மாதம். ரத்தக்கசிவு ஆபத்தைப் பொறுத்து டாக்டர் கூட்டுவார், குறைப்பார்.

ஒவ்வாமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஒவ்வாமை எதிர்வினையில் வெளிவரும் ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் கரோனரியை இறுக்கலாம். கிரேக்க மருத்துவர் நிக்கோலஸ் கூனிஸ் 1991-ல் இதை விவரித்தார், அவர் பெயராலேயே கூனிஸ் நோய்க்குறி என்கிறார்கள். பூச்சிக் கடி, ஆன்டிபயாட்டிக் ஊசி, சாயம் எதுவும் தூண்டலாம். ஸ்டென்ட் உள்ளவருக்கு இதனால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்ததும் உண்டு. உங்களுக்கு நிக்கல் அல்லது மருந்து ஒவ்வாமை இருந்தால் ஸ்டென்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உடம்பெல்லாம் தடிப்போடு நெஞ்சுவலி வந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தாகிவிட்டதே, ஸ்பாச மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டில்டியாசெம், நிஃபெடிபின், அம்லோடிபின், வெரப்பமில் போன்ற கால்சியம் தடுப்பு மாத்திரைகள்தான் ஸ்பாசத்தைப் பிடித்து வைத்திருப்பவை. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது ஸ்டென்ட் மாத்திரைகளின் பட்டியல் நீளமாகி, பழைய டில்டியாசெம் சத்தமில்லாமல் விடுபட்டுப் போவது நடக்கக்கூடியது. பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் ஸ்பாசம் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம்.

நேரமும் முக்கியம். வலி விடியற்காலையில் வருபவருக்குக் காலை எட்டு மணிக்குப் போட்ட மாத்திரையின் வேகம் அந்த நேரத்தில் தேய்ந்திருக்கலாம். இரவு படுக்கும் முன் ஒரு வேளை வருமாறு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் நைட்ரேட்டை (நைட்ரோகிளிசரின் வகை மருந்து) நாள் முழுக்க ஓயாமல் கொடுத்தால் உடம்பு பழகிப்போய்ப் பலன் குறையும். அதனால் அதையும் வலி வரும் நேரத்தை ஒட்டிக் கொடுப்பார்கள்.

இன்னொரு சிக்கல் பீட்டா தடுப்பு மாத்திரை. மாரடைப்பு வந்தவர்களுக்கு வழக்கமாக எழுதுவது. ஆனால் ப்ரொப்ரனலால் போன்றவை ஸ்பாசத்தைக் கூட்டக்கூடும். பீட்டா தடுப்போடு டில்டியாசெம் அல்லது வெரப்பமில் சேர்ந்தால் நாடித்துடிப்பு மிகவும் குறையவும் கூடும். ஆஸ்பிரினும் அதிக அளவில் ஸ்பாசத்துக்கு நல்லதல்ல, ஆனால் ஸ்டென்டுக்காகத் தரும் சிறிய அளவை நிறுத்தவே கூடாது.

வேறு எதை எல்லாம் தவிர்க்க வேண்டும்?

முதலாவதாகச் சிகரெட். ஸ்பாசத்துக்கு அதைவிடப் பெரிய தூண்டுதல் வேறில்லை. குறைப்பது போதாது, விட்டுவிட வேண்டும். கொக்கெய்ன் போன்ற போதைப்பொருட்களும் அப்படியே. மது குடித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, போதை இறங்கும் வேளையில் ஸ்பாசம் வரலாம். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டிரிப்டான், எர்காட் வகை மாத்திரைகள் வேண்டாம். மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரையைக் கேட்காமல் வாங்காதீர்கள். புற்றுநோய்க்குத் தரும் 5-எஃப்.யூ. மருந்தும் ஸ்பாசத்தை வரவழைக்கக்கூடியது. நைட்ரேட் சாப்பிடுபவர் சில்டெனாஃபில் வகை மாத்திரை போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

திடீர்க் குளிரும், பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடுவதும்கூடச் சிலருக்குத் தூண்டுதல்.

வலி வந்தால் உடனே என்ன செய்வது?

உட்காருங்கள். நிற்கும்போது நைட்ரேட் எடுத்தால் தலைசுற்றி விழ நேரும். நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை அல்லது ஸ்ப்ரே. ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றாலோ கூடினாலோ ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். "எனக்கு வழக்கமான ஸ்பாசம்தான்" என்று ஸ்டென்ட் உள்ளவர் காத்திருக்கக் கூடாது. ஸ்பாசத்தையும் ஸ்டென்டில் ரத்தம் உறைந்ததையும் வீட்டில் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

வலியோடு மயக்கமும் வந்தது. அதுவும் ஸ்பாசமா?

இருக்கலாம், ஆனால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலது கரோனரி இறுகினால் இதயத்தின் மின்னோட்டம் தடைபட்டுத் துடிப்பு மிகக் குறையலாம். இடது முன்பக்கக் குழாய் இறுகினால் உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பு வரலாம். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்பாசத்தால் இதயம் நின்று, காப்பாற்றப்பட்ட சிலருக்கு மாத்திரையோடு, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. என்னும் கருவியும் பொருத்த யோசிப்பார்கள்.

வேறு அறுவை சிகிச்சையோ பிரசவமோ வந்தால்?

மயக்க மருந்து டாக்டரிடம் ஸ்டென்ட் இருப்பதைச் சொல்பவர்கள் ஸ்பாசத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றத் தரும் சில மருந்துகள் கரோனரியையும் இறுக்கும், அதனால் அவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை நாளன்று காலையில் கால்சியம் தடுப்பு மாத்திரையை விடலாமா என்பதை அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் மெத்தில்எர்கோமெட்ரின் எர்காட் குடும்பத்தைச் சேர்ந்தது, ஸ்பாசம் உள்ள பெண்ணுக்கு ஆகாது. மகப்பேறு டாக்டரின் சீட்டில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.